மார்லன் சேராத கல்லூரி

மார்லன் வந்த பதினோராம் நாள், அவன் சேராமல் விட்ட கல்லூரி அவனைத் தேடி உடுமலைப்பேட்டைக்கு வந்தது. செங்கல் கட்டடம், மூன்று மாடி, முன்னால் புல்வெளி. எங்கள் மில்லின் கூடைப்பந்து மைதானத்துக்கு மேற்கே, சுற்றுச்சுவரை ஒட்டி நின்றது. நகராட்சி ஆள் வந்து தண்ணீர் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்லன் அமெரிக்கன். பதினெட்டு வயது, ஆறடி ஒன்பது அங்குலம். அங்கே இந்த மாதிரிப் பையன்கள் பள்ளி முடித்ததும் கல்லூரிக்குப் போய், அங்கே ஆடி, பிறகுதான் சம்பளத்துக்கு ஆட வருவார்களாம். இவனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எனக்கும் கிடையாது. மில் அணிக்கு நான்தான் செயலாளர். ஒப்பந்தம் அனுப்பினேன், வந்துவிட்டான். ஏழரை அடியில் கட்டில் செய்து போட்டேன்.

ஒப்பந்தத்தில் ஒரே நிபந்தனை. வெள்ளிக்கிழமை எங்கள் மைதானத்தில் நடக்கும் இறுதி ஆட்டத்தில் ஆட வேண்டும். ஆடாவிட்டால் சனிக்கிழமை விமானம்.

தினமும் ஒன்பதுக்குக் கல்லூரியில் மணி அடிக்கும். கீழ்த்தளத்தில் ஒரு பேராசிரியர் வருகைப்பதிவேட்டைத் திறந்து மார்லனின் பெயரைப் படிப்பார். அவன் மைதானத்தில் பந்து போட்டுக்கொண்டிருப்பான். ஆப்சென்ட் விழும். கல்லூரி ஆறடி முன்னால் வரும்.

திங்கட்கிழமை சுவரைத் தாண்டியது. செவ்வாய்க்கிழமை எல்லைக்கோட்டில் நின்றது. பயிற்சியாளர் ஜெபமணி டேப் பிடித்து அளந்தார்.

“இன்னும் ஒரு ஆப்சென்ட் விழுந்தா, கூடை ஸ்டாஃப் ரூமுக்குள்ள போயிருமுங்க.”

நான் மார்லனைக் கூப்பிட்டேன். “ஏண்டா, ஒரு வருஷம் போய் உக்காந்துட்டு வர்றியா?”

“மாட்டேனுங்க. அங்க போனா நான் மொத வருசம். இங்க நான் ஆட்டக்காரன்.”

தமிழை ஜெபமணியிடம் கற்றுக்கொண்டிருந்தான். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு ‘ங்க’.

“ப்ராக்ஸி குடுத்தரலாமுங்க,” என்றார் ஜெபமணி. “நான் பி.காம். முடிச்சதே அப்படித்தான்.”

“அது உங்க கோச்சிங்லயே தெரியுது,” என்றேன்.

புதன்கிழமை மாற்று ஆட்டக்காரன் ஈஸ்வரமூர்த்தியை வகுப்புக்கு அனுப்பினோம். ஐந்தடி நாலு. பெயர் படித்ததும் “பிரசென்ட் சார்” என்றான். பேராசிரியர் தலை நிமிரவில்லை. எந்த ஊரிலும் நிமிர்வதில்லை. கல்லூரி ஆறடி பின்வாங்கியது.

ஆனால் பதிவேட்டின்படி வகுப்பில் இருக்கிறவன் மைதானத்தில் இருக்க முடியாது. அன்று மார்லனுக்குப் போட்ட பந்தெல்லாம் நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. ஜெபமணி அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, “எங்க போய்த் தொலைஞ்சான்?” என்றார். “இங்கதானுங்க இருக்கேன்,” என்றான் அவன். ஜெபமணிக்குக் கேட்கவில்லை. எனக்கு அரைகுறையாகக் கேட்டது.

வியாழக்கிழமை ப்ராக்ஸியை நிறுத்தினோம். மார்லன் கண்ணுக்குத் தெரிந்தான். கல்லூரி மறுபடியும் எல்லைக்கோட்டுக்கு வந்தது. மறுநாள் காலை மணி அடித்தால் கூடை போய்விடும்.

சாயங்காலம் அவன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான்.

“கட்டில நீங்க வெச்சுக்குங்க அய்யா.”

நான் ஐந்தடி மூன்று. அந்தக் கட்டிலில் எனக்கு என்ன வேலை?

வெள்ளிக்கிழமை ஒன்பதுக்கு நானே வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பேராசிரியர் பெயரைப் படித்தார். எழுந்து நின்றேன்.

“அவன் வரமாட்டான். உங்களுக்கு வேண்டியது ஒரு ஆள். என் பேரை எழுதுங்க.”

அன்றுதான் தலை நிமிர்ந்தார். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் கேட்டார். வீட்டுக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தேன். கணக்கில் நாற்பத்தொன்று. பரவாயில்லை என்றார். மார்லன் பெயரை அடித்துவிட்டுக் குழந்தைவேலு என்று எழுதினார். கல்லூரி நகர்ந்து சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

ஆட்டம் நாலு மணிக்கு. எனக்கு ஐந்தரை வரை லேப். ஒரு உப்பைக் கொடுத்து என்ன உப்பென்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். விசில் சத்தம் கேட்டது, கூட்டம் கத்துவது கேட்டது. யாருக்காகக் கத்துகிறார்கள் என்று தெரியவில்லை. உப்பும் பிடிபடவில்லை.

ஐந்தேகாலுக்கு ஜெபமணி ஜன்னலில் தலையை நீட்டினார். “அய்யா, எழுவத்தொண்ணு, அறுவத்தாறு. நம்ம பக்கம். முப்பத்திநாலு மார்லன் போட்டதுங்க.”

“லேப்ல பேசக் கூடாது,” என்றேன்.

சனிக்கிழமை விமானம் மார்லன் இல்லாமல் போனது. நான் ஹாஸ்டலுக்கு மாறினேன். சாப்பாடு சுமார்.

இரண்டாம் வாரம் லிதுவேனியாவிலிருந்து ஒருவர் வந்து ஹாஸ்டல் வாசலில் காத்திருந்தார். முதல் வருஷ மாணவர் குழந்தைவேலு நீங்கள்தானா என்றார். ஆமாம் என்றேன். நாலு வருஷத்தை இங்கே கழிக்க வேண்டாம், எங்கள் அணிக்கு ஆட வந்துவிடுங்கள் என்றார்.

“எந்த இடத்துல ஆடணும்?”

“சென்டர்.”

அது அணியிலேயே உயரமானவன் நிற்கிற இடம். அறுபத்தெட்டு வயது என்றேன். அந்த வயதில்தான் எடுக்கிறோம் என்றார். வளவளவென்று பேசாமல் காகிதத்தைக் கொடுங்கள் என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ஷூ அளவு கேட்டார். ஏழு என்றேன்.

ஏழில்தான் தைத்து வைத்திருக்கிறோம் என்றார்.