வரி ரசீதில் வேறு பெயர்

திலகவதிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். அன்று அங்கன்வாடியிலிருந்து வந்தவள் வாசலைக் கூட்டினாள். கூட்டிய வாசலையே மறுபடியும் கூட்டினாள். இடுப்பில் செருகியிருந்த காகிதம் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

அதை மத்தியானம் தம்பி செம்மல் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கீரமங்கலத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறான். அக்காவின் வீட்டு வரியைக் கட்டலாமென்று கம்ப்யூட்டரில் திறந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. கதவு எண் அவளுடையது, தெரு அவளுடையது, பெயர் மட்டும் குணசேகரன்.

"நான் அப்பவே சொன்னேன்லக்கா? நம்ம எடம் நத்தம். பத்திரம் கெடையாது, பட்டாவுக்குப் போட்ட மனு இன்னும் கெடப்புல கெடக்கு. வரி ரசீதும் கரண்டு கார்டும்தான் ஒனக்கு எல்லாம். அவரு விவாகரத்துக் கேஸு வேற கோர்ட்டுல ஓடுது. அவரு பொஞ்சாதியோட வக்கீலு அவரு பேர்ல என்ன இருக்குன்னு தேடுறப்ப, இந்த வீடு மாட்டுனா சும்மா விட்ருவாரா?"

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

குணசேகரன் இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷமாகிறது. ஷார்ஜாவில் பன்னிரண்டு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மனைவி பிரிந்துபோய் விவாகரத்து வழக்கு ஆறு வருஷமாக வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டிருக்கிறது. தீர்ப்பு வராமல் தாலி கட்ட வழியில்லை. நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர் ஒரே வீட்டில் இருப்பதைப் பற்றி ஊர் ஒரு மழைக்காலம் முழுக்க ஆசைதீரப் பேசிவிட்டு, வேறு விஷயம் கிடைத்ததும் விட்டுவிட்டது. வந்த முதல் வாரமே வாசலில் காலிங் பெல் மாட்டினார். அதுவரை வருகிறவர்கள் தெருவிலிருந்தே "டீச்சர்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மாட்டியவர் மட்டும் அதை அழுத்தியதே இல்லை. "திலகா, காபி" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவார். அந்தக் குரல் அவளுக்குப் பிடிக்கும்.

ஆனால் வீடு வேறு விஷயம். அவளுடைய இருபத்தேழு வயதில் புருஷன் செத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலமே, ஏழு வருஷம் சமைத்துப்போட்ட வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு அவளை அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டில் அவள் பெயர் எதிலும் இல்லை. அதற்குப் பிறகு பதினான்கு வருஷம், ஒரு வருஷம் கடைக்கால், ஒரு வருஷம் சுவர் என்று இதைக் கட்டினாள். கொத்தனார் போன பிறகு செங்கலுக்குத் தண்ணீர் ஊற்றியவளும் அவள்தான்.

குணசேகரன் வந்ததும் காகிதத்தை நீட்டினாள்.

"இது என்னங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஆமா. எம்பேர நாந்தான் குடுத்தேன்."

இல்லை என்பார், சண்டை போடலாம் என்றுதான் இருந்தாள். அவரே சொன்னார்.

"மாசியில பஞ்சாயத்துலேருந்து வீடு அளக்க வந்தாங்கல்ல, நீ சென்டர்ல இருந்த. ஓனர் பேரு கேட்டாங்க, ஒம்பேரத்தான் சொன்னேன். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. அக்கம்பக்கத்துல எல்லாரும் வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. புருசன்னு சொன்னா பொய்யி. வேற என்ன சொல்றது? எதுவும் வாயில வரல. என் வீடுதான், எம்பேரயே போட்டுக்கங்கன்னுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

"வெக்கமா இருந்துச்சு திலகா."

அவள் நம்பினாள். முழுசாக நம்பினாள். மாமியார் வீட்டையும் அவள் நம்பித்தான் இருந்தாள்.

"நாளைக்கே மாத்தணும்ங்க."

"மாத்திருவோம். நானே வாரேன்."

மறுநாள் அவருடைய வண்டியிலேயே ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். பழைய ரசீதுகளையும் கரண்டு கார்டையும் எழுத்தர் புரட்டிப் பார்த்தார். பெயரில் இருப்பவர் எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார். குணசேகரன் பெஞ்சில் உட்கார்ந்து, மேற்படி வீட்டில் எனக்கு எந்த உரிமையும் பாத்தியதையும் கிடையாது என்று குண்டு குண்டாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். தயங்கவே இல்லை. இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று திலகவதிக்கு அழுகை வரப்பார்த்தது.

எழுத்தர் தாளை வாங்கிப் படித்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

"எப்படி இவரு பேரு ஏறுச்சுன்னு காரணம் வேணும்மா. இவரு ஒங்களுக்கு என்ன வேணும்?"

பின்னால் நான்கு பேர் நின்றார்கள். அதில் ஒருத்தி அங்கன்வாடிக்குப் பிள்ளையை விடுகிறவள். குணசேகரன் பேனாவை மூடாமல் திலகவதியையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குக் கிடைக்காத வார்த்தை அவளுக்காவது கிடைக்குமா என்று பார்க்கிற பார்வை அது. அவளுக்கு அது புரிந்தது. வழக்கும், வக்கீலும், டிரங்குப் பெட்டியும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வந்தன.

"வாடகைக்கு இருக்காரு" என்றாள்.

"அப்ப வாடகைக்குக் குடியிருக்கேன், பேரு தவறுதலா ஏறிடுச்சுன்னு சேத்து எழுதுங்க சார்."

குணசேகரன் தாளைத் திரும்ப வாங்கி, அந்த வரியையும் அதே குண்டு எழுத்தில் எழுதிச் சேர்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் ஏதாவது சொல்லியிருப்பாள்.

அடுத்த வாரம் செம்மல் புது ரசீதைக் கொண்டுவந்தான். பெயர் திலகவதி. அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவள் அதை மடித்து அந்த டிரங்குப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, காபிக்குப் பாலை அடுப்பில் ஏற்றினாள். அவர் வருகிற நேரம்தான்.

காலிங் பெல் அடித்தது. யாரோ என்று கையைத் துடைத்துக்கொண்டு போனாள். கதவு விரியத் திறந்திருந்தது. நிலைப்படிக்கு வெளியே, கையில் காய்கறிப் பையோடு குணசேகரன் நின்றுகொண்டிருந்தார்.

"தெறந்துதானங்க கெடக்கு. என்ன புதுசா?"

"இருக்கட்டும் திலகா" என்றார். குரலில் கோபம் இல்லை.

வாங்க என்று அவள் சொல்லும்வரை நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார். மறுநாளும் மணி அடித்தது.