பாதுகாப்புக்குப் பத்து

கார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு காரின் மேல் ஆசைப்பட்டுவிட்டு, அப்புறம் அதற்குக் காரணம் தேடுவார்கள். வேல்குமார் அப்படி வாங்கவில்லை. மண்ணரையில் குழந்தைத் துணி தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு யூனிட்டில் அவன் குவாலிட்டி மேனேஜர். யூனிட்டுக்கு வேலை செய்து தருகிற நூல்மில், சாயப்பட்டறை, பிரிண்டிங் பட்டறை எல்லாவற்றுக்கும் வருடாவருடம் மார்க் போட்டு வரிசைப்படுத்துவது அவன் பொறுப்பு. காரையும் அதே முறையில்தான் தேர்ந்தெடுத்தான்.

முறை சுலபமானது. ஒரு காரில் நாம் பார்க்கிற குணங்களை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்: மைலேஜ், பாதுகாப்பு, இடவசதி, சர்வீஸ், திரும்ப விற்றால் கிடைக்கும் விலை. ஒவ்வொரு குணத்துக்கும் ஒவ்வொரு காருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். இதுவரை யார் போட்டாலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். அடுத்ததில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடும். எந்தக் குணம் நமக்கு எவ்வளவு முக்கியம் என்று மொத்தம் நூறைப் பங்கு பிரிக்க வேண்டும். மார்க்கைப் பங்கால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வரிசை தானாக வந்துவிடும். அதாவது, வரிசையைத் தீர்மானிப்பது கார் இல்லை. நூறை நாம் பிரிக்கிற விதம்.

இதைக் காட்டுவதற்காகவே அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரிடமும் பங்கு கேட்டான். பழைய கார் வாங்கி விற்கும் அவன் சிநேகிதன் அமானுல்லா, திரும்ப விற்கிற விலைக்கு அறுபது கொடுத்தான். ஒரு கார் முதலில் வந்தது. மனைவி ஜெயபாரதி இடவசதிக்குப் பாதியைக் கொடுத்தாள். வேறொரு கார் வந்தது. அப்போது ஆறு வயதான மகன் குகன், மேலே திறக்கிற கண்ணாடிக்கு நூறையும் கொடுத்துவிட்டான்.

"அடப்பாவி, பிரேக்குக்கு ஒண்ணுமே இல்லியா கண்ணு?" என்றான் அமானுல்லா.

"பிரேக்கு எல்லா கார்லயும் இருக்கும் மாமா. மேல தொறக்கிறது ஒண்ணுலதான் இருக்குது."

அமானுல்லா தொடையைத் தட்டிச் சிரித்தான். "மாப்ளே, உன்னைவிட உன்ற பையன் வெவரம்டா."

வேல்குமார் தன் பங்கைப் பிரித்தான். மைலேஜுக்கு முப்பது. பாதுகாப்புக்குப் பத்து. "யூனிட்டுக்கும் ஊட்டுக்கும் போறதுக்கு, ஊருக்குள்ள என்ன வேகம் போயிரப் போறோம்?" என்று அப்போது சொன்னான். ஒரு சிறிய வெள்ளைக் கார் முதலில் வந்தது. இரண்டாவதாக வந்தது கனமான, உயரமான ஒரு கார். வெள்ளைக் காரை வாங்கினார்கள்.

ஜெயபாரதி பேட்டர்ன் மாஸ்டர். எந்தத் துணியையும் பார்த்த மாத்திரத்தில் எங்கே வெட்ட வேண்டும், எங்கே மடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள். கடையில் விற்கிற சீட் கவர் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆர்டர் போக மிஞ்சியிருந்த கெட்டியான பின்னல் துணியில், குகன் தேர்ந்தெடுத்த மஞ்சள் நிறத்தில், அவளே கவர் தைத்தாள். பின் சீட்டில் ஒரு சுருக்கம் இல்லாமல் கையுறை மாதிரி உட்கார்ந்தது. அமானுல்லா தன் பட்டறைக்கு வருகிறவர்களை எல்லாம் கூட்டிவந்து அதைக் காட்டினான்.

மூன்று வருடம் கழித்து, மடத்துக்குளத்தில் அம்மாயிப் பாட்டி வீட்டில் விட்டிருந்த சின்னவள் அனுப்ரியாவைக் கூட்டிவரப் போனபோது, உடுமலை ரோட்டில் தேங்காய்மட்டை ஏற்றிய ஒரு டிராக்டர் விளக்கில்லாமல் குறுக்கே திரும்பியது. முன் சீட்டில் பெல்ட் போட்டிருந்த இருவரும் பிழைத்தார்கள். பின் சீட்டில் படுத்துக்கொண்டு கதை பேசியபடி வந்த குகன் பிழைக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு வேல்குமார் அந்தப் பழைய மார்க்கை எடுத்து வைத்துக்கொண்டான். வெள்ளைக் காருக்கு மைலேஜில் ஒன்பது, பாதுகாப்பில் நான்கு. உயரமான காருக்கு மைலேஜில் ஆறு, பாதுகாப்பில் ஒன்பது. மற்ற எல்லாம் கூட்டினால் இரண்டுக்கும் சமம். மைலேஜில் இருந்து ஐந்து பங்கை எடுத்துப் பாதுகாப்பில் போட்டால் இரண்டு கார்களும் ஒரே இடத்துக்கு வந்தன. ஆறு எடுத்தால் உயரமான கார் முதலில் வந்தது. நூறில் ஆறு. சாப்பிடும்போதும், அனுப்ரியாவைத் தூங்க வைக்கும்போதும், யாராவது காரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அவன் இதைச் சொன்னான்.

"ஆறே ஆறுங்க. முப்பதை இருவத்தி நாலுன்னு போட்டிருந்தா அந்தக் காருதான் வந்திருக்கும். நாந்தான் பத்துன்னு போட்டேன்."

ஜெயபாரதி அப்போதெல்லாம் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

கணக்கு சரிதான். ஆனால் அவன் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு வேறு காரணம் இருந்தது. காரில் இருந்த சாமான்களை எடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அவன் தனியாகப் போயிருந்தான். பின் சீட்டில் குகனின் ஒரு செருப்பு கிடந்தது. அதை எடுக்கக் கையை ஊன்றினான். மஞ்சள் துணிக்குக் கீழே ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. பெல்ட்டைச் செருகுகிற மூன்று கொக்கிகளும் கவருக்கு அடியில் படுத்துக் கிடந்தன. அவை வெளியே வருவதற்குத் துணியில் வெட்டே இல்லை. மூன்று வருடமாகப் பின் சீட்டில் யாரும் பெல்ட் போட்டதில்லை; அதனால் அவை அங்கே இல்லை என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

உயரமான காரை வாங்கியிருந்தாலும் அவள் கவர் தைத்திருப்பாள். அதே மாதிரி, ஒரு சுருக்கம் இல்லாமல்.

அவன் அங்கேயே கவரை உருவிச் சுருட்டி, வரும் வழியில் நொய்யல் பாலத்துக்குக் கீழே எறிந்தான். பாரதிக்கு இது தெரியக் கூடாது. தெரிந்தால் அவள் இன்னொரு முறை கத்தரிக்கோலைத் தொடமாட்டாள். ஒருவேளை எழுந்தே நிற்கமாட்டாள். அவளுக்குத் தெரியாமல் இருக்க ஒரே வழி, குற்றத்தை வேறு இடத்தில் பலமாகக் கட்டிப்போடுவது. நூறில் ஆறு என்பது அந்தக் கட்டு. சொல்லிச் சொல்லி அவனே பாதி நம்பிவிட்டான்.

யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் அந்த லைன் நின்றுவிடும். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஒட்டிப் பார்த்து, முழு ஊசி ஆகிவிட்டது என்று காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு நுனி கிடைக்காவிட்டாலும் அங்கே இருக்கிற துணி அத்தனையும் ஒதுக்கப்படும். நூல் தொங்கினால் மார்க் குறையும், நிறம் மங்கினால் மார்க் குறையும். ஊசி நுனிக்கு மட்டும் மார்க்கே கிடையாது. மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை ஈடுகட்டாது, ஏனென்றால் அதைப் போட்டுக்கொள்ளப் போவது ஒரு குழந்தை. இத்தனை வருடமாக இதைப் புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். அப்படியிருந்தும் காரில் மட்டும் மகன் உயிரை மைலேஜோடு சேர்த்துக் கூட்டிவிட்டான். இந்தக் குற்றம் பொய் இல்லை. அதனால்தான் மற்றதை மறைக்க அது வசதியாக இருந்தது.

அதற்கப்புறம் அவர்கள் காரே வாங்கவில்லை. அனுப்ரியா வளர்ந்தாள். ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போனாள். இந்த மழைக்காலத்தில் ஒரு நாள், சாயப்பட்டறைக்குப் போகிற லாரி ஒன்று உரசுகிற மாதிரி போனதும், ஜெயபாரதி வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, எல்லாத்துக்கும் மார்க் போடறீங்களே, இந்த ஸ்கூட்டருக்குப் பாதுகாப்புல எத்தனை போடுவீங்க?"



"கார் வாங்கோணுமுங்க. புள்ளையை இப்படிக் கொண்டு போக முடியாது."

இந்த முறை அவன் நூறைப் பங்கு பிரிக்கவில்லை. ஊசி முறையை எடுத்துக்கொண்டான். ஒரு குறை இருந்தால் அந்தக் கார் வெளியே. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: எதை எல்லாம் ஊசி என்று வைக்கிறோம் என்பதற்கு எல்லை வேண்டும். வேல்குமாருக்கு எல்லாமே ஊசியாகத் தெரிந்தது. ஒரு கார் மோதல் சோதனையில் நல்ல மார்க் வாங்கியிருந்தது. பின் கண்ணாடி சின்னது, வெளியே. இன்னொன்றின் கதவு தகரம் மாதிரி லேசாக மூடியது, வெளியே. மூன்றாவதில் எந்தக் குறையும் அகப்படவில்லை. அதனாலேயே சந்தேகம் வந்தது.

"மாப்ளே, உனக்குக் காரு வேண்டாம்," என்றான் அமானுல்லா, டீயை ஆற்றிக்கொண்டே. "ராணுவத்துல டேங்கி இருக்குதாம், கேட்டுப் பாக்கட்டுமா? மைலேஜுதான் கொஞ்சம் கம்மி."

யாரும் சிரிக்கவில்லை. அமானுல்லா டம்ளரைக் கீழே வைத்தான். "தங்கச்சி, நீ சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணே ஒண்ணுதானுங்கண்ணா," என்றாள் ஜெயபாரதி. "பின்னாடி சீட்டை நான் கையால தொட்டுப் பாக்கோணும்."

வேல்குமார் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சீட்டின் மெத்தையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

வண்டியை எடுக்கிற நாளில் நால்வரும் ஷோரூமுக்குப் போனார்கள். அவனைக் கேட்காமல் அவளே முடிவு செய்திருந்த கார். நடுத்தரமானது, சாம்பல் நிறம். பூஜைக்குத் தேங்காய், பழம், எலுமிச்சை எல்லாம் ஒரு கனமான பையில் கொண்டுவந்திருந்தாள். அமானுல்லா எலுமிச்சையைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான். புதுக் கார்களில் சீட்டுகள் அழுக்காகாமல் இருக்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை போட்டு வரும். ஊரில் பாதிப் பேர் அதைக் கழற்றுவதே இல்லை. ஜெயபாரதி பின் கதவைத் திறந்தாள். கைப்பையில் இருந்து நூல் வெட்டுகிற சின்ன டிரிம்மரை எடுத்தாள்.

"மேடம், அது இருக்கட்டுங்க, சீட்டு புதுசாவே இருக்கும்," என்றான் ஷோரூம் பையன்.

அவள் பிளாஸ்டிக்கை ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை நேர்கோட்டில் வெட்டினாள். உரித்துச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள். பிறகு சீட்டின் மடிப்புக்குள் விரலை விட்டு ஒவ்வொரு கொக்கியாக வெளியே இழுத்து நிமிர்த்தி வைத்தாள். மூன்று.

வேல்குமார் கதவருகே நின்றான். "பாரதி..."

"பேட்டர்ன் போட்டது நானுங்க," என்றாள், திரும்பாமல். "எங்க வெட்டாம உட்டனுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"எப்ப?"

"ஆஸ்பத்திரியிலயே. பெல்ட் போட்டிருந்தானான்னு போலீஸ்காரர் கேட்டாரே, அப்ப. நீங்க ஸ்டேஷனுக்குப் போயிட்டுச் சாமானெல்லாம் கொண்டு வந்தீங்க, சீட் கவரை மட்டும் காணோம். கவர் எங்கன்னு நான் கேக்கவே இல்லை பாருங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல."

"என்னன்னு சொல்றதுங்க? நீங்க ஆறு, ஆறுன்னு கணக்குப் போட்டுட்டே இருந்தீங்க. புடிச்சு நிக்க உங்களுக்கு அது ஒண்ணாச்சும் இருந்துது. அதையும் நான் புடுங்கோணுமா?"

அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான். அவள் எழுந்து வேறு வேலை பார்க்கப் போன ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்தது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, அந்த வீட்டில் அவளை அவன் தனியாக விட்டிருந்தான்.

அனுப்ரியாவை உட்கார வைத்து, பெல்ட்டை இழுத்துச் செருகினாள் ஜெயபாரதி. சுற்றி வந்து மறுபக்கம் தானும் உட்கார்ந்து செருகிக்கொண்டாள். பூஜைப் பையை நடுவில் வைத்தாள். அமானுல்லா முன்னால் ஏறினான். வேல்குமார் வண்டியைக் கிளப்பினான். நான்கு எலுமிச்சையும் நசுங்கின.

தெருவுக்கு வந்ததும் ஒரு மணி அடிக்க ஆரம்பித்தது. டிங், டிங் என்று விடாமல்.

"என்னப்பா அது?" என்றாள் அனுப்ரியா.

விளக்கம் சொல்வது அவனுக்கு எப்போதும் பிடிக்கும். பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது. "சீட்டுக்கு அடியில எடை பாக்கிற ஒரு தகடு இருக்குது கண்ணு. எடை இருந்தா யாரோ உக்காந்திருக்காங்கன்னு காரு நெனச்சுக்கும். உக்காந்தவங்க பெல்ட் போடலைன்னா மணியடிச்சுச் சொல்லும். நடுவுல பை இருக்குதில்ல, அதை..."

 வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"தங்கச்சி, பையைக் கீழ வெச்சிரும்மா, நின்னுரும்," என்றான் அமானுல்லா மெதுவாக.

ஜெயபாரதி பையைக் கீழே வைக்கவில்லை. நடு பெல்ட்டை இழுத்து, பையின் மேல் சுற்றி, கொக்கியில் செருகினாள். கிளிக் என்றது. மணி நின்றது.

அவள் கையை அதன் மேலேயே வைத்திருந்தாள். "போலாமுங்க," என்றாள்.