கராஜில் கொஞ்ச நேரம்

டெக்சாஸின் ஆலனில் எந்தத் தமிழ் வீட்டுப் பெண்ணுக்கு அரங்கேற்றம் என்றாலும் நாகமணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய், மங்களம் பாடும்வரை உட்கார்ந்துவிட்டு வருவாள். அவள் மகள் வெண்பாவோ சலங்கையைப் பாதியிலேயே கழற்றிப் போட்டவள். வைத்த மொய்யைத் திருப்பி வாங்க வழியே இல்லாமல் இருந்தது. அதனால்தான், பக்கத்து டல்லாஸில் ஓர் ஆர்ட் கேலரியில் வெண்பா வரைந்த படத்தை மாட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், என்ன படம் என்றுகூடக் கேட்காமல் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

வெண்பா வரைவது காமிக்ஸ். பெரிய கம்பெனிகள் போடுகிற காமிக்ஸ் இல்லை. தானே வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேபிளர் அடித்து, காபிக் கடை மேசைகளில் வைத்துவிட்டு வருகிற ரகம். அதில் வருகிற ஆட்களிடம் அழகு என்பது மருந்துக்கும் கிடையாது. தொங்கும் கன்னம், கண்ணுக்குக் கீழே பை. கேலரி நடத்தும் கேரல் என்கிற வெள்ளைக்கார அம்மாள், இந்த மாதிரிப் படங்களையும் அமெரிக்காவில் தினம் கண்ணில் படுகிற காட்சிகளின் போட்டோக்களையும் ஜோடி ஜோடியாக மாட்டியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே ஜீன்ஸ் போட்ட கூட்டத்துக்கு நடுவில் ஒரு கல்யாண வீடே போய் இறங்கியது. பட்டுச்சேலைகள், மைசூர்பாகு டப்பா, கேரலுக்குப் போர்த்த ஒரு பொன்னாடை. நாகமணியின் கணவர் நஞ்சுண்டன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏம்புள்ள, சேரே காணமே? எங்க உக்கார்றது?"

"நின்னுட்டேதான் பாக்கோணுமாமுங்க."

கேரல் அவர்களை ஒரு சுவருக்கு அழைத்துப் போனாள். இடப்பக்கம் போட்டோ. யாரோ ஒருவருடைய வீடு, பாதி இறங்கிய கராஜ் கதவு, உள்ளே ஒரு காரின் சிவப்பு விளக்கு. வலப்பக்கம் வெண்பாவின் படம். அதே மாதிரி ஒரு கராஜின் உட்புறம். காருக்குள் ஒரு பெண். கழுத்தில் ஆபீஸ் பேட்ஜ், அவிழ்க்காத சீட் பெல்ட், லேசாகத் திறந்த வாய். கண்ணாடியில் பழனி முருகன் தொங்கினான்.

நாகமணியின் காரில் தொங்குகிற அதே முருகன்.

இர்விங்கில் ஆபீஸை முடித்து, ஃப்ரீவேயில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்ததும் அவள் உடனே இறங்க மாட்டாள். என்ஜினை அணைத்து, கராஜ் கதவை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். அழுகை இல்லை, போன் இல்லை. உள்ளே போனால் 'இன்னைக்கு என்ன சாப்பாடு' என்று கேட்பார்களே, அதற்குத் தெம்பு வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பாள். கேட்டால் டிராஃபிக் என்பாள். இத்தனை வருஷமாகத் திருட்டைப் போல மறைத்து வைத்த நேரம் அது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து என்றால் ஊருக்கே பிரியாணி செய்து வருகிறவள், நாகமணிக்குக் களைப்பே கிடையாது என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயர் இப்போது சுவரில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"ஏன்டி நாகமணி, இது நீதானே?" என்றாள் பக்கத்து வீட்டு விசாலாக்ஷி.

யாரோ என்று சொல்லிவிடலாம். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? முருகன் வேறு சாட்சிக்கு நிற்கிறான். மகள் மேல் வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே அறைந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

"நாந்தான்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. விசாலாக்ஷி மெதுவாகச் சொன்னாள். "நான் பாத்ரூம்ல. குழாயத் தெறந்து விட்டுண்டு."

"எனக்குக் கடை பார்க்கிங்" என்றாள் கூட வந்திருந்த கண்மணி. "பால் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். வீட்ல பால் இருக்கும்."

மற்றவர்கள் மைசூர்பாகு டப்பாவைப் பிரிப்பதில் மும்முரமானார்கள்.

நெஞ்சுக் கனம் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் நாகமணி படத்தை முழுசாகப் பார்த்தாள். கராஜ் சுவருக்கு மறுபக்கத்தையும் வெண்பா வரைந்திருந்தாள். வாஷிங் மெஷின் இருக்கும் சின்ன அறை. கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம், துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஒரு குழந்தை. மடியில் ஸ்கூல் பேப்பர். தலையில் பட்டாம்பூச்சி கிளிப். அந்தக் கிளிப்பை வாங்கிக் கொடுத்ததே நாகமணிதான்.

"கண்ணு, இது நீயா?"

பக்கத்தில் நின்ற வெண்பா தலையாட்டினாள்.

"தெனமுமா?"

"எவ்ரி டே. கார் சத்தம் கேட்கும்ல."

"ஏஞ்சாமி கதவத் தொறக்குல?"

எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண், அன்று தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். "நீ ரொம்ப டயர்டா இருந்த. நானும் உனக்கு இன்னொரு வேலையா இருக்க வேணாம்னு... தட்ஸ் ஆல்."

நாகமணிக்குப் பொன்னாடையைக் கேரலுக்குப் போர்த்த மறந்தே போனது.

திரும்பும்போது நாகமணிதான் ஓட்டினாள். கராஜுக்குள் நிறுத்தி, கதவை இறக்கி, என்ஜினை அணைத்தாள். நஞ்சுண்டன் இறங்கி அவளை ஒருமுறை பார்த்தார். "குக்கர நான் வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பின்சீட்டிலிருந்த வெண்பா சத்தமில்லாமல் இறங்கினாள். வழக்கம்போல அம்மாவை விட்டுவிட்டு, வாஷிங் மெஷின் அறைக் கதவின் பிடியில் கை வைத்தாள்.

நாகமணி எட்டி முன்சீட்டுக் கதவைத் திறந்தாள்.

"இங்க வந்து உக்காரு கண்ணு. இனி அந்தப் பக்கம் வேண்டாம்."