ஹோபர்ட் தூக்கிய விரல்

வலது தோள் அன்று காலையிலிருந்தே கழன்று விழுவது போல வலித்தது. முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிப் போடுவது என் வேலை. முதுகில் புண் வரக்கூடாது என்பதற்காக இடப்பக்கம் கிடப்பவரை வலப்பக்கம் திருப்ப வேண்டும், வலப்பக்கம் கிடப்பவரை இடப்பக்கம். எவ்வளவு இளைத்த உடம்பானாலும் தானாக ஒத்துழைக்காத உடம்பு கனக்கத்தான் செய்யும். அன்று புரட்டியவர்களில் பாதிப் பேர் பழைய சுரங்கத் தொழிலாளிகள். எலும்பே தனிக் கனம்.

வேலை முடிந்து, ஓய்வறையில் தோளில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொலைக்காட்சியில் வெண்டல் ஸ்டாக்கார்ட் வந்தார். எங்கள் செனட்டர். நான் பள்ளிக்கூடம் முடித்த வருஷம் முதல்முறையாக ஜெயித்தவர். எனக்குப் பேத்தி பிறந்த பிறகும் அவர்தான் செனட்டர். மைக்கின் முன் நின்று, போதும் என்று தோன்றுகிறது, இந்த முறை தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றார்.

"அப்பாடா," என்றாள் வேர்னா. என்னோடு வேலை பார்ப்பவள். வாய் நிறைய ரொட்டி. "இந்த வருஷமாவது அந்த மூஞ்சி இல்லாம டிவி பாக்கலாம். உனக்கு ஏன்டி மொகம் இப்படிப் போச்சு? அவரு என்ன உன் மாமனா?"

"விளம்பரம் வராதே, வேர்னா."

அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். ஐஸ் பையை என் தோளிலிருந்து எடுத்து, திருப்பி வைத்தாள்.

அந்த விளம்பரத்தில் இருப்பது என் வீட்டுக்காரன் ஹோபர்ட். சுரங்கத்தில் வாழ்நாளைப் போட்டவன். நெஞ்சுக்குள் கரி இறங்கி மூச்சு பாதியான பிறகு, நிவாரணம் கேட்டு எழுதினால் இல்லை இல்லை என்றே பதில் வந்துகொண்டிருந்தது. வெண்டலின் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் பனியில் கார் ஓட்டிக்கொண்டு எங்கள் மலைச்சந்துக்கு வந்தார். எக்ஸ்ரே படங்களை வாங்கிப்போனார். விடவில்லை. கடைசியில் ஆமாம் என்று பதில் வந்தது. அந்த ஆள் செய்ததைச் செய்யவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் தேர்தல். ஒருநாள் வெண்டலும் படம் பிடிக்கிறவர்களும் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்தார்கள். எனக்கு வேலை. விடுப்பு கிடைக்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் ஹோபர்ட் ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு, பந்தயம் ஜெயித்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"ஒரு வருஷத்துக்குப் பேசறத இன்னைக்கே பேசிட்டேன், ஒலீட்டா."

"என்ன பேசினே?"

"டிவில வரும். பாத்துக்கோ."

"என்னைப் பத்தி எதாவது சொன்னியா?"

"டிவில வரும்னு சொன்னேன்ல," என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது. அப்புறம் நான் எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். அவனுக்கு விளையாட்டு.

டிவியில் வந்தது. எங்கள் மேஜை, எங்கள் காபிக் கோப்பை, ஹோபர்ட். "இல்ல இல்லன்னே சொன்னாங்க. வெண்டல் விடல," என்கிறான். பிறகு வலது கையை உயர்த்தி ஒரு விரலைத் தூக்குகிறான். உடனே இசை, கொடி, வெண்டலின் பெயர். அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் அந்த விரலுக்கு ஒரே அர்த்தம்தான். கரிநுரையீரல்காரன் பேச்சின் நடுவே மூச்சு தீர்ந்தால் ஒரு விரலைத் தூக்குவான். பொறு, நான் இன்னும் முடிக்கவில்லை என்று அர்த்தம். விரல் இறங்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டோம். சர்ச்சில் போதகரானாலும் நிற்பார். வாஷிங்டனில் உட்கார்ந்து அதை வெட்டி ஒட்டிய பிள்ளைகளுக்கு இது தெரியாது. நம்பர் ஒன் என்று காட்டுகிறான் என நினைத்துவிட்டார்கள். அந்தப் படத்தையே சுவரொட்டியாகவும் அடித்தார்கள். தூக்கிய விரலோடு ஹோபர்ட், கீழே பெரிய எழுத்தில், "முதல் இடம் நமக்கே."

ஹோபர்ட்டின் கூட்டாளி டாயில் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அவன் சும்மா இருங்கடாங்கறான். இவனுங்க போஸ்டர் போட்டுட்டானுங்க." ஹோபர்ட்டுக்கும் சிரிப்புதான். மிச்சத்தை அடுத்த விளம்பரத்தில் போடுவார்கள் என்றான். அடுத்த வசந்தத்தில் அவன் போய்விட்டான்.

ஆறு வருஷம் கழித்து வெண்டல் மறுபடி நின்றபோது அதே துண்டை மறுபடி போட்டார்கள். செய்திக்கும் புதிர்ப் போட்டிக்கும் நடுவே வரும். அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்தாலும் நான் நாற்காலியை விட்டு எழமாட்டேன். இப்போது பேத்தி அதை என் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் போனில் நான் கூப்பிட்டால்தான் ஹோபர்ட் வருவான். டிவியில் அவனாக வருவான். தேர்தல் வரும் இந்த இலையுதிர்காலத்தில் வருவான் என்று வேர்னாவிடம்கூடச் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தேன்.

இனி வரமாட்டான் என்றானதும் எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது. வெட்டாத படம். விரல் இறங்கிய பிறகு அவன் என்ன சொன்னான் என்பது.

மறுவாரம் வெண்டலின் அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் மாவட்டத் தலைநகரில், வருமானவரி போட்டுக் கொடுக்கும் கடைக்குப் பக்கத்துக் கதவு. அங்கே ஷெல்பி இருந்தாள். எங்கள் சர்ச்சில் பியானோ வாசிக்கிற பெண். கல்யாணமானவளானாலும் மூத்தவளை மரியாதைக்கு மிஸ் போட்டுத்தான் கூப்பிடுவாள். கேட்டதும் கையைப் பிசைந்தாள்.

"மிஸ் ஒலீட்டா, அது பிரச்சாரப் பக்கம். நாங்க ஆபீஸ் பக்கம்."

"ரெண்டு பக்கமும் ஒரே மூஞ்சிதானே கண்ணு?"

"மூஞ்சி ஒண்ணுதான். போன் வேற. பிரச்சார வேலைக்கு இந்த போனத் தொட்டாலே தப்பு. என் வேலை போயிரும்."

"என் போன்ல கூப்பிடு."

"இந்த நாற்காலில உக்காந்துகிட்டு முடியாது."

"எந்திரிச்சு நின்னு கூப்பிடேன்."

சிரித்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு வெண்டல் சிரித்துக்கொண்டிருந்தார். "ஒரு கொடி வேணா ஏற்பாடு பண்ணலாம். வாஷிங்டன்ல கேபிடல் கட்டடத்து மேல ஏத்தி எறக்கின கொடி. நீங்க சொல்ற தேதில ஏத்துவாங்க. அது ஆபீஸ் பக்கம். அது என்னால முடியும்."

"கொடி பேசுமா?"

"பேசாது, மிஸ் ஒலீட்டா."

வெளியே வந்து காரில் உட்கார்ந்து பிரச்சார எண்ணைக் கூப்பிட்டேன். வெண்டலே எடுத்தார். அதாவது பதிந்து வைத்த வெண்டல். "உங்கள் குரல் எனக்கு முக்கியம்," என்றார். பிறகு, பெட்டி நிறைந்துவிட்டது, செய்தி விட இடமில்லை என்று ஒரு பெண் சொன்னாள்.

கோடையில் வெண்டல் விடைபெற ஊர் ஊராக வந்தார். எங்கள் ஊரில் தீயணைப்பு நிலையத்தில் கூட்டம். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேஜை போட்டிருந்தார்கள். பீன்ஸ், சோளரொட்டி, பன்றித் தொடை, ஆளுக்கொரு துண்டு கேக். சுவரில் பழைய சுவரொட்டிகளைத் தேடியெடுத்து ஒட்டியிருந்தார்கள். ஹோபர்ட்டும் இருந்தான், ஓரம் சுருண்டு.

வெண்டல் ஹோபர்ட் கதையைச் சொன்னார். எல்லா ஊரிலும் சொல்லும் கதைதான். சமையலறை, காபி, கரி இறங்கிய நெஞ்சு. நன்றாகத்தான் சொன்னார். ஒரு இடத்தில் முன் வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஆனால் விளம்பரம் நிற்கிற இடத்தில்தான் அவர் கதையும் நின்றது.

கேள்வி நேரம். டாயில் எழுந்தான். ஆக்சிஜன் சிலிண்டரை ஒரு கையில் இழுத்துக்கொண்டு. "வெண்டல், நீங்க போயிட்டா..." என்றான். மூச்சு நின்றது. விரலைத் தூக்கினான்.

கூடம் முழுக்க அமைதி. ஒரு கரண்டி சத்தம் இல்லை. வெண்டலின் உதவியாளர், வாஷிங்டனிலிருந்து வந்தவர், "நன்றி ஐயா. அடுத்த கேள்வி?" என்று வேறு பக்கம் கை காட்டினார். வெண்டல் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

"பொறுப்பா. அவரு இன்னும் முடிக்கல."

எல்லோரும் காத்திருந்தோம். டாயிலின் விரல் இறங்கியது. "நீங்க போயிட்டா யாருக்குப் போன் பண்றது? வேற எவன் நம்பரும் எனக்கு மனப்பாடம் இல்ல."

கூடம் சிரித்தது. வெண்டலும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவருக்கு விரல் தெரியும். அப்படியானால் எங்கள் சமையலறையிலும் காத்திருந்திருப்பார். மீதியைக் கேட்டிருப்பார்.

கூட்டம் கலையும்போது வரிசையில் நின்றேன். உதவியாளர் அவர் காதில் என் பெயரைச் சொன்னார். வெண்டலின் கை காய்ந்த இலை மாதிரி இருந்தது. புரட்டிப் போடும் உடம்புகளில் தினம் நான் தொடுகிற கை.

"ஒலீட்டா லெஸ்டர். ஹோபர்ட்ட நான் நெனைக்காத நாள் இல்ல."

"வெண்டல், அவன் விரலத் தூக்கினான்ல. எறக்கின பிறகு என்ன சொன்னான்?"

அவர் முகத்தில் மேடைச் சிரிப்பு வந்தது. "எங்க ஆளுங்கள மறந்துராதீங்க வெண்டல்னு சொன்னாரு."

"'எங்க ஆளுங்க' நீங்க சொல்றது. ஹோபர்ட் வாயில அது வராது. அவன் 'இந்தப் பயலுங்க'ன்னுதான் சொல்லுவான்."

சிரிப்பு மெல்ல விலகியது. உதவியாளரைக் காபி கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். பக்கத்து மடக்கு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"கேட்டேன், ஒலீட்டா. அவரு விரல எறக்கற வரைக்கும் காத்திருந்து கேட்டேன். நெறைய நேரம் பேசினாரு. ஆனா அதுக்கப்புறம் இத எத்தனையோ மேடைல சொல்லிட்டேன். இப்ப எனக்கு மேடைல சொன்னது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு. ஹோபர்ட் சொன்னது போயிருச்சு."

பொய் சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்தது. தெரிந்ததால் கோபப்படவும் முடியவில்லை.

"என்னைப் பத்தி எதாவது?"

சுவரில் இருந்த ஹோபர்ட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "சிரிச்சாரு. அது ஞாபகம் இருக்கு. எதையோ சொல்லிட்டு, இது அவளுக்குத் தெரிய வேணாம்னு சிரிச்சாரு. எதைன்னு தெரியல."

"கேமரா ஓடிச்சா?"

"நிக்கவே இல்ல. அந்த டேப் எல்லாம் இருக்கு. பல்கலைக்கழகத்துக்குக் குடுக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி உனக்கு ஒண்ணு எடுத்து அனுப்பச் சொல்றேன். இது என் வார்த்தை."

"விளம்பர வார்த்தையா, சொந்த வார்த்தையா?"

"சொந்த வார்த்தை," என்றார். கையை நீட்டினார். குலுக்கினேன். காபி வந்தது. உதவியாளர் ஒரு சீட்டில் என் பெயரை எழுதிக்கொண்டார். ஸ்பெல்லிங்கை நான்தான் சொன்னேன்.

இலையுதிர்காலம் வந்தது. செய்திக்கும் புதிர்ப் போட்டிக்கும் நடுவே வேறு வேறு ஆட்கள் வந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். வேலை முடிந்து வந்ததும் நான் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தேன். பழக்கம். பீன்ஸ் அடிப்பிடிக்கவில்லை.

ஒரு கடிதம் வந்தது. சந்தித்ததில் மகிழ்ச்சி, உங்களைப் போன்றவர்களால்தான் இத்தனை வருஷம் உழைக்க முடிந்தது என்று. கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். பேனா அழுந்திய தடமே இல்லை. டேப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஜனவரியில் அலுவலகத்தை மூடினார்கள். கதவில் வெண்டலின் பெயரைச் சுரண்டி எடுத்த இடம் மட்டும் சுத்தமாகத் தெரிந்தது. ஷெல்பி வங்கிக்கு வேலைக்குப் போய்விட்டாள். பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டேன். பெட்டிகள் வந்திருக்கின்றன, பிரித்து அடுக்க வருஷங்கள் ஆகும், அதுவரை யாருக்கும் திறக்க மாட்டோம் என்றார்கள். வெண்டலின் வீட்டு எண்ணைத் தேடினேன். அவர் உடம்புக்கு முடியாமல் மகள் வீட்டில் இருக்கிறார், ஆட்களை அடையாளம் தெரிவதில்லை என்று டாயில் சொன்னான். டாயிலுக்கு அந்த நம்பர் இன்னும் மனப்பாடம்.

குளிர் விட்ட பிறகு தபாலில் ஒரு பெட்டி. அவசரமாகக் கிழித்தேன். உள்ளே மடித்த கொடி. கேபிடல் கட்டடத்தின் மேல் ஏற்றி இறக்கியது என்று சான்றிதழ், தேதியோடு. அது ஹோபர்ட்டின் பிறந்தநாள். நான் ஷெல்பியிடம் எந்தத் தேதியும் சொல்லவில்லை. நிவாரணத்துக்காகப் போட்ட மனுவில் பார்த்திருப்பாள். வேலையை விடுவதற்குள் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறாள். சர்ச்சில் பார்த்து நன்றி சொன்னேன். அந்தக் கணக்கு தீர்ந்தது.

சில சாயங்காலங்களில் தோளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு போனில் அந்த விளம்பரத்தைப் போடுகிறேன். மேஜை, கோப்பை, ஹோபர்ட். விரலைத் தூக்குகிறான். இசை வருவதற்குள் படத்தை நிறுத்திவிடுகிறேன். விரல் தூக்கினால் பேசக்கூடாது, அதனால் நானும் பேசுவதில்லை. போன் தானாக அணையும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.

செனட்டர் வெண்டல் ஸ்டாக்கார்ட் என் வீட்டுக்காரனின் பேச்சில் மீதியை எனக்குத் தர வேண்டும். கை குலுக்கிச் சொன்ன வார்த்தை. இன்னும் தரவில்லை.