வாக்குமூலத்தில் ஏறிய மச்சினன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வழக்கறிஞர் சங்க மலருக்கு 'மனவிழிப்பும் உணர்வறிவும்: சட்டத் தொழிலில் முன்முடிவைக் குறைக்கும் வழிகள்' என்று கட்டுரை கேட்டார்கள். மூன்று பத்தி எழுதினேன். நாலாவது பத்தியில் எனக்கே கண்ணைச் சொக்கியது. மலரின் ஆசிரியருக்குப் போன் போட்டேன்.

"கதையா இருந்தாலும் பரவால்ல சார், யாரையும் திட்டாம இருந்தா சரி" என்றார்.

அது ஒன்றுதான் எனக்கு வராது. ஆனாலும் தலையாட்டினேன். (போனில் தலையாட்டியதை அவர் பார்த்திருக்க முடியாது. ஆகவே நான் வாக்குக் கொடுக்கவில்லை.)

2

முதல் தொடக்கம்: "சிவந்த கண்களும் முரட்டு மீசையுமாகக் கூண்டில் நின்றான் பள்ளி வேன் டிரைவர். அவன் பார்வையில்—"

அடித்துவிட்டேன். வழக்கே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் நான் தண்டித்தாயிற்று.

இரண்டாவது: "படுத்த படுக்கையான தாய்க்கு மருந்து கொடுத்துவிட்டு ஓடிவந்த—"

அதையும் அடித்தேன். அது வாசகருக்குக் கொடுக்கிற லஞ்சம்.

மொட்டையாகவே சொல்கிறேன். பள்ளி வேன் ஒன்று, தெருவில் நிறுத்தியிருந்த காரை உரசிவிட்டு நிற்காமல் போனதாக வழக்கு. உரசியது தன் வேன் இல்லை என்கிறார் டிரைவர்.* பதினாலு மாதமாக அவருடைய லைசென்ஸ் நீதிமன்றக் கோப்புக்குள் கிடக்கிறது. வேன் நீதிமன்ற முற்றத்தில் நிற்கிறது. அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். குற்றம் உறுதியானால் லைசென்ஸ் போச்சு. அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான்.

(*முதல் பிரதி முழுக்கக் கார்க்காரர் 'அவர்', டிரைவர் 'அவன்'. யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாக எழுதியிருக்கிறது.)

3

நீதிபதி நேர்மையானவர். அதனால்தான் மாட்டிக்கொண்டார். மேலிடத்து உத்தரவின்படி இரண்டு நாள் மனவிழிப்புப் பயிற்சிக்குப் போனவர், மற்றவர்கள் பின்வரிசையில் குறட்டை விட, குறிப்பெடுத்தார். "உள்ள ஒரு உணர்ச்சி வந்தா விரட்டாதீங்க. மூணு மூச்சு விடுங்க. அதுக்கு ஒரு பேரு வைங்க" என்றார் பயிற்சியாளர்.

பாவம், அந்தப் பயிற்சியாளருக்கு நீதிபதியின் தட்டச்சு அம்மாவைத் தெரியாது. நீதிபதி வாயைத் திறந்தால் அடித்துவிட வேண்டும் என்பது அந்த அம்மாவின் இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஐயா தும்மினாலும் காகிதத்தில் ஏறிவிடும்.

அன்று கூண்டில் நின்ற டிரைவர், "நான் இல்லீங்கய்யா" என்று சொல்லி, பயத்தில் லேசாகச் சிரித்துவிட்டார். நீதிபதிக்கு வயிறு எரிந்தது. அசல் மச்சினன் சிரிப்பு! மனைவியின் தம்பி, இரவல் வாங்கிய காரைக் கதவு நசுங்கக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "நான் இல்ல அத்தான்" என்று சிரித்தானே, அதே சிரிப்பு.

நீதிபதி கண்ணை மூடினார். மூன்று மூச்சு விட்டார். பிறகு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி முணுமுணுத்தார்: "எரிச்சல் வருது. இவரைப் பாத்தா என் மச்சினன் ஞாபகம் வருது."

டக்டக்கென்று சத்தம். டிரைவரின் வாக்குமூலம் முடிந்ததும் தட்டச்சு அம்மா வழக்கப்படி எழுந்து வாசித்துக் காட்டினார்: "குற்றஞ்சாட்டப்பட்டவரைக் காணுங்கால் இந்நீதிமன்றத்துக்கு எரிச்சல் வருகிறது. இந்நீதிமன்றத்துக்குத் தன் மச்சினன் நினைவும் வருகிறது."

பின்வரிசையில் ஒருவருக்குப் புரையேறியது.

"அம்மா, அதை ஏம்மா அடிச்சீங்க?"

"நீங்கதானேய்யா சொன்னீங்க. எதை அடிக்கணும், எதை விடணும்னு நான் தீர்ப்பு சொல்ல முடியுமா?"

4

டிரைவரின் வக்கீல் துள்ளி எழுந்தார். வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றச் சொன்னார். நியாயம்தான். நீதிபதியும் தலையைக் குனிந்துகொண்டு பேனாவை எடுத்தார்.

"ஐயா, மாத்தாதீங்கய்யா" என்றார் டிரைவர்.

"நீ சும்மா இருப்பா" என்று வக்கீல் பல்லைக் கடித்தார்.

"எப்படி சார் சும்மா இருக்கறது? அங்க போனா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. அங்க இருக்கற ஐயாவுக்கு நான் யாரு மாதிரி தெரிவேனோ? அவரு வெளிய சொல்லவும் மாட்டாரு. இங்கயாவது மச்சினன்னு தெரிஞ்சுபோச்சு."

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

5

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. விடுதலை. (தன் மனசு சுத்தம் என்று ஊருக்குக் காட்ட ஒருவரை விடுவித்தால், அதற்குப் பேர் நியாயமா?)

ஆ. தண்டனை. மச்சினன் மேல் இருந்த கோபம் டிரைவர் தலையில் விடிகிறது.

இ. மாற்றல். நீதிபதியின் கை சுத்தம், டிரைவருக்கு இன்னொரு பதினாலு மாதம்—

நீங்கள் 'அ' என்கிறீர்கள், தெரியும். அவர் நாலு வார்த்தை உருக்கமாகப் பேசிவிட்டார், நீங்கள் கரைந்துவிட்டீர்கள். உருக்கமாகப் பேசுவது சாட்சியமா? உண்மையில் உரசினாரா என்று என்னைக் கேட்காதீர்கள். எழுதுகிறவன் நான்தான், ஆனாலும் சத்தியமாகத் தெரியாது.

6

நீதிபதி கோப்பைப் புரட்டினார். காரின் கீறல் தரையிலிருந்து இருபத்தேழு அங்குல உயரம் என்று எழுதியிருந்தது. வேனின் பம்பர் எத்தனை அங்குல உயரம்? பதினாலு மாதத்தில் ஒருவரும் அளக்கவில்லை.

"நானும் வேணாம், என் மச்சினனும் வேணாம். அளவு நாடா கொண்டு வாங்க."

பொருந்தினால் டிரைவர் உரசியதாகவும், பொருந்தாவிட்டால் இல்லையென்றும் வைத்துக்கொள்ள இரு தரப்பு வக்கீல்களும் சம்மதித்தார்கள். எல்லாரும் முற்றத்துக்கு இறங்கினார்கள். வேனின் டயரில் காற்றில்லை. காற்றில்லாமல் அளந்தால் செல்லாது என்று இரண்டு வக்கீல்களும் முதல்முறையாக ஒரே கட்சியில் நின்றார்கள். காற்றடித்தார்கள். நீதிபதி கறுப்பு அங்கியோடு மண்டி போட்டார்.

"கல்லு குத்தும்யா" என்று டிரைவர் ஓடிவந்து கைக்குட்டையை விரித்தார்.

"அடடா, இப்ப மனசு இந்தப் பக்கம் சாயுதே!" என்று நீதிபதி வாய்விட்டே சொன்னார். தட்டச்சு அம்மா அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

நாடாவின் எண் நீதிபதியின் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது. டிரைவர் கண்ணை இறுக்கி மூடியிருக்கிறார். எனக்குக் குனியத் தைரியமில்லை. விரலை எடுக்கச் சொல்லி நீங்களே பாருங்கள். ஒன்று மட்டும்: பார்ப்பதற்கு முன்னால், எந்த எண் வர வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள் என்பதைத் தட்டச்சு அம்மாவிடம் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாருங்கள்.