பிரம்பின் மறுமுனை

கல்முனைக் கடைத்தெருவுக்கு நடைபாதை உண்டு; அதில் நடப்பதற்குத்தான் வழியில்லை. பகலில் பிளாஸ்டிக் வாளிகளும் பாய்க்கட்டுகளும் அரிசி மூட்டைகளும் அங்கே குடியிருக்கும். சனம் ரோட்டில் இறங்கி பஸ்ஸோடு உரசிக்கொண்டு போகும். இரவில் சாமானை உள்ளே எடுத்துக் கடைகளைப் பூட்டியதும் பாதை அகலமாகக் கிடக்கும், ஆனால் விளக்குகளில் பாதி எரியாது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.

ஜெனூபாவுக்கு இருட்டு ஒரு பொருட்டல்ல. பிறவியிலேயே அவளுக்குப் பார்வையில்லை. தனியார் மருத்துவ நிலையம் ஒன்றில், டொக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஃபோனில் நம்பர் கொடுக்கிற வேலை செய்கிறாள். அவளுக்குப் பயம் பகல்தான். போன கிழமை ரோட்டில் இறங்கி நடந்தபோது மோட்டார் சைக்கிள் இடித்து முழங்கால் கிழிந்துபோனது.

தம்பி மக்கீன் அன்றே சொல்லிவிட்டான். "இன்னொருக்கா விழுந்தா வேல வேணாம் ராத்தா. ஊட்டுக்குள்ள இரிங்க."

நாள் முழுக்க வீட்டுக்குள் இருப்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

ஜெமீல் காக்கா இருந்திருந்தால் விழுந்திருக்கமாட்டாள். பள்ளிவாசல் வாசலில் தொப்பி விற்ற மனிதர். காலையில் அவளைக் கண்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு எழுந்து வருவார். அந்நியப் பெண்ணின் கையைத் தொடக்கூடாது என்பதால், அவளுடைய வெள்ளைப் பிரம்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். படி ஏறவேண்டுமென்றால் நுனியை உயர்த்துவார்; இறங்கவேண்டுமென்றால் தாழ்த்துவார். நோன்புக்கு முந்திய மாதம், அவளை வேலைக்கு விட்டுத் திரும்பும்போது, பஸாலின் புடவைக்கடை வாசலில் நின்ற பொம்மைகளைச் சுற்றிப் போக ரோட்டில் இறங்கினார். பஸ் அடித்து அங்கேயே மௌத்தானார். பிரேக் சத்தம் ஜெனூபாவின் காதிலும் விழுந்தது. அவள் அப்போது ஆருக்கோ நம்பர் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கிழமை ஒரு நாள், இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு மக்கீன் அவளுக்கு ஃபோன் எடுத்தான். அவளை ஏற்றிப்போக வருகிற ஓட்டோவின் டயருக்குக் காற்றுப் போய்விட்டதாம், வரும்வரைக்கும் உள்ளேயே இருக்கட்டுமாம். அவள் இருக்கவில்லை. தனியாகவே பஸ் நிலையத்துக்குப் போய் நின்று காட்டினால் அவன் வாய் அடைபடும் என்று வெளிக்கிட்டாள்.

கொஞ்சத் தூரம் போயிருப்பாள். பிரம்பின் நுனி தரையை விட்டு எழும்பியது. ஆரோ பிடித்திருந்தார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றாள். பதில் இல்லை.

கோபக்காரன்கூட சலாத்துக்குப் பதில் சொல்லாமல் போகமாட்டான். ஆகவே ஆள் காரைதீவு, பாண்டிருப்புப் பக்கத்து இந்துவாக இருக்கவேண்டும் என்று எண்ணினாள்.

"குற நினைக்காதீங்க அண்ணன். வணக்கம்."

அதற்கும் பதில் இல்லை. ஊமையும் குருடும் நல்ல சோடிதான் என்று தனக்குள் சிரித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

அரிசிக்கடையடியில் பிரம்பு ஒருபக்கம் வளைந்தது. ஏன் வளைகிறது என்று கையை நீட்டிப் பார்த்தாள், வெறும் காற்று. அடுத்த கடையிலும் அப்படியே. அங்கே பகலில்தான் வாளிகள் இருக்கும். இந்த ஆள், இல்லாத சாமானுக்கு வழிவிட்டு நடக்கிறார். அவள் காதைக் கூர்மையாக்கினாள். அவளுடைய செருப்புச் சத்தம் மட்டுமே கேட்டது.

புடவைக்கடை வாசலில் பிரம்பின் நுனி மெல்லத் தாழ்ந்தது.

அந்தத் தாழ்த்தல் அவளுக்குப் பழகிய தாழ்த்தல். ஜெமீல் காக்கா இப்படித்தான் தாழ்த்துவார். சாய்ந்தமருதுப் பக்கமிருந்து கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்தபடி வந்துகொண்டிருந்தது. பிரம்பை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டால் அவள் தப்பலாம். விட்டால் அவர் மறுபடியும் ரோட்டில் இறங்குவார். ஒவ்வொரு நாளும் இறங்குகிறார் போலும் என்று நினைத்ததும் பயத்தைத் தள்ளிக்கொண்டு இரக்கம் வந்தது. அவள் இறுக்கிப் பிடித்து இழுத்தாள்.

"காக்கா, கட பூட்டியாச்சி. பொம்மயெல்லாம் உள்ளுக்கு எடுத்திட்டாங்க. நடபாத மேலால வாங்க."

பிரம்பு அசையவில்லை. பஸ்ஸின் காற்று அவள் முக்காட்டைத் தூக்கிப் போட்டது. அது போன பிறகு பாரம் மெல்ல மெல்ல அவள் பக்கம் வந்தது. இந்த முறை அவள்தான் முன்னால் நடந்தாள். பஸ் நிலையத்தடியில் நுனி சட்டென்று லேசானது.

அவளைத் தேடிக்கொண்டு அங்கே வந்து நின்ற மக்கீன் பதறிப்போயிருந்தான். "ஆரு ராத்தா உங்களக் கொண்டு வந்து உட்ட?"

"நான்தான் ஒராளக் கூட்டிக்கு வந்த," என்றாள்.

மறுநாள் காலையில் தெரு பழையபடி நிரம்பியிருந்தது. புடவைக்கடை வாசலில் பிரம்பு பொம்மையின் காலில் முட்டியது. அவள் திரும்புவதற்குள் நுனி எழும்பி, ரோட்டுப் பக்கம் தாழ்ந்தது. அந்தப் பக்கம் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன. இரவில் அவள் காட்டிய வழி, மௌத்தான அந்தப் பகலிலேயே நிற்கிற காக்காவுக்கு என்ன பிரயோசனம். அவளுக்கு ஆத்திரம் வந்தது. தோளால் பொம்மையை ஒரு தள்ளுத் தள்ளினாள். அது விழுந்தது.

கடைக்காரன் பஸால் ஓடி வந்தான். "என்ன ராத்தா செய்றீங்க? புதுச்சட்ட போட்ட பொம்ம."

"வழி உடுங்க தம்பி. ரெண்டு பேர் போகணும்."

"மத்தாள் ஆரு?"

"பிரம்புட மத்த நுனியப் புடிச்சிப் பாருங்க."

பஸால் கையை நீட்டினான். பிடித்தவன் உடனே கையை இழுத்துக்கொண்டான். பிறகு பொம்மைகள் ஒவ்வொன்றாகச் சிமெந்தில் உரசிக்கொண்டு உள்ளே போகும் சத்தம் கேட்டது.

பிரம்பு நேரே இழுத்தது. ஜெனூபா ரோட்டில் இறங்காமல் அதன் பின்னால் நடந்தாள்.