உருண்டைப் படத்தில் இரண்டு சீனித்தாய்

ஆலந்தலையில் கடலைப் பார்த்தபடி பலசரக்குக் கடை வைத்திருக்கும் தங்கதுரை, கல்யாண நாள் வந்தால் மனைவி சீனித்தாயிடம் என்ன வேண்டும் என்று கேட்பார். அவளும் கூச்சப்படாமல் சொல்லுவாள். ஒரு வருடம் எலக்ட்ரானிக் தராசு. ஒரு வருடம் கலர் பாட்டில் அடுக்க பிரிட்ஜ். போன வருடம் கடை வாசலுக்குத் தகரச் சாய்ப்பு. எல்லாமே கடைக்குத்தான் போய்ச் சேர்ந்தன. அதனால் இந்த வருடம் அவர் கேட்கவே இல்லை. கடைக்கு ஒரு பிரயோசனமும் இல்லாத எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டார்.

சரக்கு எடுக்கத் தூத்துக்குடிக்குப் போனவர், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்காக ஒரு ஸ்டுடியோவில் காத்திருந்தார். அங்கே வேலை பார்க்கும் விஜிலா கம்ப்யூட்டரில் ஒரு நீளப் படத்தைத் திறந்து வைத்திருந்தாள். துறைமுகம். கப்பலும் கிரேனும் கரிக்குவியலுமாக இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கிடந்தது. அவள் அதைச் சதுரமாக அமுக்கினாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். பிறகு எதையோ அழுத்தினாள். இரண்டு ஓரங்களும் வளைந்து வந்து ஒட்டிக்கொள்ள, துறைமுகம் ஒரு சின்னப் பூமியாகிவிட்டது. நடுவில் தரை, அதைச் சுற்றி வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும் கிரேன்கள், அதற்கும் வெளியே வானம்.

"என்ன தாயி இது, ஊமத்தங்காய் மாதிரி இருக்கு?"

"குட்டிக் கிரகம்னு சொல்லுவாவ அண்ணாச்சி. நடுவுல நின்னு ஒரு சுத்து எடுத்த படம். எந்த ஊரையும் இப்படி உருட்டிரலாம்."

"எங்க ஊரை உருட்டுவியா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விஜிலா ஆராதனை முடித்து, தன் ஊரான நாசரேத்திலிருந்து நேராக ஆலந்தலைக்கு வந்துவிட்டாள். ஞாயிறு என்பதால் படகெல்லாம் கரையில் இருந்தன. கடைக்கும் படகுகளுக்கும் நடுவில், மணலில் ஸ்டாண்டை ஊன்றி கேமராவை மாட்டினாள். ஊரைப் படம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று மட்டும் சீனித்தாயிடம் சொல்லியிருந்தார் தங்கதுரை.

"அண்ணாச்சி, நீங்க அந்தப் படகுகிட்ட போய் நில்லுங்க. நான் கடையிலருந்து ஆரம்பிச்சு ஒரு சுத்து வாரேன். உங்க பக்கம் வந்து சேருற வரைக்கும் அசையாதீங்க."

அவர், கடைக்கு வாடிக்கையாக வரும் ரெனிஷின் படகுக்குப் பக்கத்தில் போய் விறைப்பாக நின்றார். விஜிலா முதலில் கடையை எடுத்தாள். சீனித்தாய் குனிந்து உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தாள். கேமரா மெல்லத் திரும்பி, வீடுகளையும் கோயில் கோபுரத்தையும் எடுத்தது.

கடையில் கூட்டம் கலைந்ததும் சீனித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். புருஷன் உச்சி வெயிலில் நட்டு வைத்த கம்பு மாதிரி நிற்கிறார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நன்னாரி சர்பத்தைக் கலக்கி எடுத்துக்கொண்டு, விஜிலாவின் முதுகுக்குப் பின்னாலேயே மணலில் நடந்து அவரிடம் வந்தாள்.

"குடிங்க. மூஞ்சி கறுத்துப் போச்சு."

"நீ ஏன் இங்கன வந்த? அசையக்கூடாதுன்னு சொல்லிருக்கு. கடைக்குப் போளா."

"வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

அவர் டம்ளரை வாங்கக் கையை நீட்டும்போது ஓர் அலை வந்து அவள் காலை நனைத்தது. புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த நேரம் கேமராவும் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. கடையிலிருந்து யாரோ தீப்பெட்டி கேட்டுக் கூப்பிட, அவள் திரும்பிப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து விஜிலா போன் செய்தாள்.

"அண்ணாச்சி, ஒரு சிக்கல். படத்தை உருட்டிப் பாத்தா அக்கா ரெண்டு பேரா நிக்காவ. மேல கடையில ஒருத்தவ, நேர் கீழ படகுகிட்ட ஒருத்தவ. ஒருத்தவளை அழிச்சிருதேன், அழிச்ச இடமே தெரியாது. யாரை அழிக்கட்டும்?"

அவள் அனுப்பியிருந்த படத்தைத் தங்கதுரை போனில் பெரிதாக்கிப் பார்த்தார். கடையில் இருந்தவள் அவர் தினமும் பார்க்கிறவள். படகுக்குப் பக்கத்தில் நின்றவள் ஒரு கையில் புடவையைப் பிடித்துக்கொண்டு, சர்பத்தை அவரிடம் நீட்டியபடியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் தெரிந்த முகத்தில் ஒரு சிரிப்பு. அன்றைக்கு அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அசையாமல் நிற்பதிலேயே குறியாக இருந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் இருக்கட்டும் தாயி."

"பாக்குறவங்க தப்புன்னு சொல்லுவாவ."

"பாக்கப்போறது அவதான்."

கல்யாண நாளன்று காலையில், கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தைப் பொட்டலம் பிரிக்காமல் அவள் கையில் கொடுத்தார். சீனித்தாய் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுப் பிரித்தாள்.

"நம்ம கடைதான இது? ஏன் வளைஞ்சு கெடக்கு?"

"சுத்திப் பாரு."

அவள் சட்டத்தைக் கையிலேயே சுற்றினாள். வீடுகள் வந்தன, கோபுரம் வந்தது, படகுகள் வந்தன. சுற்றுவதை நிறுத்தினாள். மறுபடி கடைப்பக்கம் திருப்பினாள். திரும்பவும் படகுப்பக்கம் வந்தாள்.

"இங்கனயும் நான்தான் நிக்கேன்."

"ரெண்டும் நீதான். ஒண்ணை அழிக்கவான்னு அந்தப் பிள்ளை கேட்டா. எனக்கு மனசு வரல."

சீனித்தாய் சட்டத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கடையையும் படகையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பிடிக்கவில்லையோ என்று தங்கதுரைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"கடையில இருக்கவளைப் பாருங்க, முதுகு வளைஞ்சிட்டு," என்றாள் கடைசியில். "இவ நல்லா நிக்கா." பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது போல, "அன்னைக்குத் தண்ணி சொகமா இருந்திச்சு. அதுக்குள்ள கூப்பிட்டுட்டாவ."

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தங்கதுரை கல்லாவைப் பூட்டினார்.

"வா."

"கடையை யாரு பாக்க?"

"அது எங்க போகப்போகுது? வா."

இருவரும் மணலைக் கடந்து போனார்கள். தண்ணீர் கணுக்கால் அளவு ஏறி இறங்கியது. சும்மா நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ரெனிஷ் கடை வாசலில் நின்று, "அண்ணாச்சி, வெங்காயம்," என்று குரல் கொடுத்தான். தங்கதுரை பழக்கத்தில் திரும்பினார். சீனித்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூட்டையில இருக்கு மக்கா, நீயே அள்ளிக்கோ," என்று திரும்பாமலே உரக்கச் சொன்னாள்.

பிறகு புடவையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு எட்டு உள்ளே போனாள். தங்கதுரை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார்.